கேளுங்க சொல்றேன்: கதிரறுப்பு முடிஞ்சதும் வீடு பூரா எலி

இந்த தடவை வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் சேத்து பாத்தா பாதிக்கு பாதி எலி சமாச்சாரம் தான். பாலக்காடு பார்டர்ல இருந்து களியக்காவிளை வரைக்கும், மலைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் எல்லாருக்கும் ஒரே தொல்லை போல. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க. முதல் கடுதாசி கொஞ்சம் நீளம், ஆனா அதுல தான் எல்லா விசயமும் இருக்கு, குறைக்காம அப்படியே போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா வணக்கம். எங்க வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம், பழைய ஓட்டு வீடு, மேல பலகை போட்ட மச்சு, பின்னாடி எங்க வயல், சுத்தி தென்னை. கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்த வீட்டுல எலின்னு ஒண்ண நான் பாத்ததே இல்ல. இப்ப கதிரறுப்பு முடிஞ்சு ரெண்டு வாரம் கூட ஆகல, காலைல எந்திரிச்சு அடுப்படிக்கு போனா மேடை பூரா கருப்பா அரிசி சைஸ்ல புழுக்கை, ரவை பாக்கெட் மூலையில ஓட்டை, மடிச்சு வெச்சிருந்த பாப்பா சட்டைய கூட கடிச்சு வெச்சிருக்கு. ராத்திரி மச்சுல தடதடன்னு ஓடற சத்தம் வேற. நெல்லு மூட்டைய எடுக்க மில்லுல இருந்து இன்னும் லாரி வரல, திண்ணையிலயும் உள்ள ரூம்லயும் அடுக்கி வெச்சிருக்கோம், வைக்கோல் பின் செவுத்த ஒட்டி கிடக்கு. வீட்டுக்காரர் மருந்து வாங்கி வெச்சா ஒரே ராத்திரில தீந்துதுங்கறாரு. அத்தை பிள்ளையார் வாகனத்த கொன்னா வீட்டுக்கு ஆகாதுன்னு ஒரே சண்டை. பக்கத்து வீட்டு சேச்சி பசை அட்டை வாங்கி வெய்யி மோளேன்னு சொல்றாங்க. எனக்கு ஒன்றரை வயசு பாப்பா, தரையில எது கிடந்தாலும் வாயில போட்டுக்குவா. மூணு பேரு மூணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்லுங்க அக்கா. – பேர் வேண்டாம், கொழிஞ்சாம்பாறை

பதில்: கண்ணு, உன் கேள்வியிலயே பதில எழுதிட்டு தான் கேள்வி கேட்டிருக்க. எலி திடீர்னு வானத்துல இருந்து குதிக்கல. வயல்ல நெல்லு நிக்கற வரைக்கும் அதுக்கு திங்கவும் ஒளியவும் அங்கயே எடம் இருந்துச்சு, மிஷின் வந்து ஒரே நாள்ல எல்லாத்தையும் வழிச்சு எடுத்ததும் மறைவும் போச்சு சோறும் போச்சு, அந்த சோறு எங்க போச்சோ அது பின்னாடியே இதுவும் வந்துருச்சு. உங்க திண்ணைக்கு. போதாததுக்கு படுக்க வைக்கோல் மெத்தை வேற செவுத்த ஒட்டி போட்டு குடுத்திருக்கீங்க. எலி திடீர்னு வந்துச்சுன்னு யாரு சொன்னாலும் நான் முதல்ல கேக்கறது இது தான், சுத்துவட்டாரத்துல கடைசி ஒரு மாசத்துல என்ன மாறுச்சு? பக்கத்துல பழைய வீட்ட இடிச்சாங்களா, புதர வெட்டினாங்களா, மழைத்தண்ணி பொந்துக்குள்ள பூந்துச்சா, யாராவது கோழித்தீவனம் மூட்டையா இறக்கி வெச்சாங்களா. அத கண்டுபிடிக்காம எத்தன எலிய புடிச்சாலும் வந்துட்டே தான் இருக்கும்.

அப்புறம், வந்திருக்கறது யாருன்னு பாரு. நீ சொல்ற அரிசி சைஸ் புழுக்கை, ரெண்டு முனையும் கூரா, 3ல இருந்து 6 மில்லிமீட்டர் நீளம் இருந்தா அது சுண்டெலி. பெருசா, அரை இன்ச்சு நீளத்துல கிடந்தா வீட்டெலி. மச்சுல தடதடன்னு ஓடறவன் பெரும்பாலும் இந்த வீட்டெலி தான், தென்னையில ஏறி குரும்பைய கடிச்சு போடறானே அவனே தான், ஓலை வழியா ஓட்டு மேல எறங்கிருவான். அதனால அடுப்படில ஒருத்தன், மச்சுல ஒருத்தன்னு ரெண்டு கோஷ்டி இருக்க வாய்ப்பிருக்கு. டார்ச் எடுத்துட்டு மச்சுல ஏறி மூலைமுடுக்கெல்லாம் ஒருதடவை பாத்துருங்க. எந்த வழியா வருது போகுதுன்னு தெரியலேன்னா ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடி செவுத்தோரமா கோலமாவோ பவுடரோ லேசா தூவி விடு, காலைல காலடி தெரியும். பாப்பா எந்திரிக்கறதுக்குள்ள தொடச்சிரு.

ஒண்ணு ரெண்டு தானேன்னு மட்டும் இருந்துறாத. சுண்டெலி 19ல இருந்து 21 நாள்ல குட்டி போட்டுரும், ஒரு ஈத்துக்கு அஞ்சு ஆறுன்னு போடும், அந்த குட்டிங்களே ஒன்றரை மாசத்துல குட்டி போட ரெடி. அறுப்பு முடிஞ்சே ரெண்டு வாரம் ஆகப்போகுது, அப்ப கணக்கு பாத்துக்கோ.

இப்ப வேலை. முதல் வேலை பொறி இல்ல, சோறு. சுண்டெலி ஒரு நாளைக்கு திங்கறது 3 கிராம் தான், அதனால ஊரே கூட்டி கழுவினாலும் அடுப்புக்கு அடியில சிதறின நாலு நெல்லும் ரெண்டு பொரியும் அதுக்கு விருந்து. தண்ணி இல்லாம கூட தானியத்துல இருக்கற ஈரத்த வெச்சே ஓட்டிரும். ரவை, மைதா, பருப்பு, பாப்பாவோட ராகி மாவு, பிஸ்கட், எல்லாத்தையும் எவர்சில்வர் தூக்குலயோ மூடி இறுகின டப்பாலயோ கொட்டு, பிளாஸ்டிக் கவர்ல கிளிப் போட்டு வெக்கறதெல்லாம் எலிக்கு ஒரு தடையே இல்ல. ரேஷன் அரிசி சாக்கோட இருந்தா தகர டிரம்முக்கு மாத்து. நெல்லு மூட்டைய லாரி வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது, சரி, ஆனா உள்ள ரூம்ல இருக்கறத முதல்ல திண்ணைக்கு கொண்டு வாங்க, செங்கல் வெச்சு அதுக்கு மேல பலகை போட்டு தரையில படாம, செவுத்துல இருந்து ஒரு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்க, சுத்தி நடந்து பாக்கற மாதிரி இருக்கணும். எலிக்கு செவுத்த ஒட்டி மறைவா போறது தான் பழக்கம், நடுவுல வெளிச்சமா கிடந்தா அதுக்கு பயம். வைக்கோல இன்னைக்கே செவுத்த விட்டு எடுங்க, அதுல பேச்சே இல்ல. எலி வந்த எடத்துக்கு அடுத்து அத தேடி சாரையோ நல்ல பாம்போ வரும், பாப்பா இருக்கற வீடுன்னு உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லு, அவரே அள்ளி போட்டுருவாரு. அப்படி பாம்பு ஏதாவது வந்தா அடிக்க வேண்டாம், கேரளா வனத்துறையோட சர்ப்பா ஆப் இருக்கு, அதுல தகவல் போட்டா பயிற்சி எடுத்த ஆள் வந்து புடிச்சிட்டு போவாங்க.

இன்னொண்ணு, யாரும் யோசிக்க மாட்டாங்க. வீடு வீடா வந்து பிளாஸ்டிக் குப்பைய வாங்கிட்டு போற ஹரித கர்ம சேனை வர்ற வரைக்கும் பிளாஸ்டிக் கவரெல்லாம் சாக்குல சேத்து வெப்போமில்ல, பால் கவர் மிச்சர் கவரெல்லாம் கழுவாம உள்ள போட்டு, அந்த சாக்க விறகு அடுக்கின மூலையில சாத்தி வெச்சுட்டா அது எலிக்கு வீடும் கடையும் சேந்த மாதிரி. கழுவி காயவெச்சு போடு, சாக்க ஆணில தொங்க விடு.

ரெண்டாவது ஓட்டை. சுண்டெலி உள்ள வர 6 மில்லிமீட்டர் சந்து போதும், ஒரு பென்சில் நுழைஞ்சா அதுவும் நுழையும். வீட்டெலிக்கு அரை இன்ச்சு வேணும். பென்சில கையில வெச்சுக்கிட்டு அடுப்படிய சுத்தி வா. சிங்க்குக்கு கீழ பைப் செவுத்துக்குள்ள போற எடம், கேஸ் டியூப்புக்காக மேடைல போட்ட ஓட்டை, குளிக்கற தண்ணி போற ஓட்டை, கரண்டு வயர் உள்ள வர்ற எடம், பின் கதவுக்கு அடியில தேஞ்சு போன பலகை. பாத்திரம் தேய்க்கற கம்பி நார நல்லா திணிச்சு அதுக்கு மேல சிமெண்ட்ட பூசு. துணி, பேப்பர், தெர்மாகோல், ஸ்ப்ரே நுரை, இதெல்லாம் வேலைக்கு ஆகாது. எலியோட முன்பல்லு சாகற வரைக்கும் வளந்துட்டே இருக்கும், தேய்க்கறதுக்காகவாவது எதையாவது கடிச்சுட்டு தான் இருக்கும், நீ அடைச்ச துணி அதுக்கு பொழுதுபோக்கு. தண்ணி போற ஓட்டைக்கு கம்பி வலை போடு. கதவுக்கு அடியில தகர பட்டை அடிச்சா சரியாயிரும்.

கேஸ் டியூப்ப தனியா சொல்றேன், ஏன்னா இது உயிர் விசயம். பழைய ரப்பர் டியூப்பா இருந்தா எலி கடிக்கும், நிறைய வீட்டுல கடிச்சிருக்கு. உள்ள கம்பி வலை போட்ட சுரக்ஷா டியூப் ஏஜென்சில கிடைக்கும், அத மாத்து, அதுலயும் 5 வருசம் ஆச்சான்னு மேல இருக்கற தேதிய பாரு. ராத்திரி ரெகுலேட்டர ஆஃப் பண்ணிட்டு படு.

ஓட்டு வீட்ட முழுசா அடைக்க முடியுமான்னா முடியாது, உண்மைய சொல்லிரணும். ஓட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல அத்தன சந்து இருக்கும். அதனால அடுப்படியையும் சாமான் வெக்கற ரூமையும் மட்டும் கோட்டை மாதிரி பண்ணிக்கோ, மச்சுல திங்க ஒண்ணும் இல்லாம பாத்துக்கோ, கூரைய தொடற ஓலைய வெட்டி விடுங்க. தென்னையில தரையில இருந்து ரெண்டு மீட்டர் ஒயரத்துல ஒரு அடிக்கு குறையாத அகலத்துல தகரத்த சுத்தி அடிச்சா எலி வழுக்கி விழும், ஏற முடியாது. ஆனா பக்கத்து மரத்து ஓலை இந்த மரத்த தொட்டுட்டு இருந்தா தகரம் அடிச்சும் பிரயோஜனம் இல்ல, அங்க இருந்து தாவிரும்.

இனி புடிக்கறது. இதுல அத்தை பக்கம் தான் நான், காரணம் வேறன்னாலும். கூண்டுப்பொறி வெய்யி. உங்க பக்கம் எலிப்பெட்டின்னு கேட்டா எந்த இரும்புக்கடைலயும் எடுத்து குடுப்பாங்க. ஒண்ணே ஒண்ண நடு அடுப்படில வெச்சுட்டு எலி விழலைன்னு சொல்றவங்க தான் அதிகம், அப்படி இல்ல, சுண்டெலி தன் பொந்துல இருந்து ரொம்ப தூரம் போகாது, பெரும்பாலும் நாலஞ்சு மீட்டருக்குள்ளயே சுத்தும். அதனால ரெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு செவுத்த ஒட்டி வெக்கணும், ஃபிரிட்ஜ் பின்னாடி கட்டாயம் ஒண்ணு, அந்த மோட்டார் சூட்டுக்கு அங்க தான் கூடு கட்டும். எரைக்கு நெருப்புல வாட்டின தேங்காய் கீத்து, அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம், வாசம் ஊரையே கூட்டும். உணக்க மீனும், அதான் கருவாடு, நல்லது. கடலை மணி சைஸ் போதும், பெருசா வெச்சா பொறிய தொடாமலே பிச்சுட்டு போயிரும். சுண்டெலி புதுசா ஒரு பொருள பாத்தா கிட்ட வந்து மோந்து பாக்கும், அதனால முதல் ராத்திரியே விழும். வீட்டெலி அப்படியில்ல, புதுசா எதப்பாத்தாலும் நாலு நாள் ஒதுங்கி போகும். மச்சுல வெக்கற பொறிய மட்டும் முதல் அஞ்சாறு நாள் மாட்டாம, கதவ தொறந்து கட்டி வெச்சு, எரைய தின்னு பழக விட்டு அப்புறம் மாட்டணும். பொறுமை இல்லாதவங்க இங்க தான் தோக்கறாங்க.

விழுந்தத வீட்டு கேட்டுக்கு வெளிய விட்டா அது உனக்கு முன்னாடி வீடு வந்து சேந்துரும், பக்கத்து வீட்டுகிட்ட விட்டா சேச்சியோட சண்டை வரும். ஆளில்லாத புறம்போக்கு காட்டுப்பக்கம், வீடும் களமும் இல்லாத எடமா பாத்து விடச்சொல்லு. கூண்ட கையால தொடாம கையுறை போட்டு தூக்கணும், அப்புறம் கழுவி வெயில்ல வெக்கணும்.

உங்க வீட்டுக்காரருக்கு இப்ப. மருந்து ஒரே ராத்திரில தீத்துரும்ங்கறது தப்பு. கடையில கிடைக்கற கட்டி மருந்துல பெரும்பாலும் புரோமாடியலோன்னு ஒண்ணு இருக்கும், அது ரத்தத்த உறைய விடாம பண்ணும், தின்ன எலி சாக நாலு நாள்ல இருந்து ஒரு வாரம் ஆகும், சாகறதும் உன் கண்ணு முன்னாடி இல்ல, மச்சு பலகைக்கு நடுவுலயோ செவுத்துக்குள்ளயோ போய் சாகும், அப்புறம் அந்த நாத்தத்துல ஒரு வாரம் சோறு எறங்காது. கறுப்பு பொடியா வர்ற ஜிங்க் பாஸ்பைடு வயித்துக்குள்ள போனதும் விஷவாயுவா மாறும், அதுக்கு மாத்து மருந்தே கிடையாது. பற்பசை மாதிரி டியூப்ல வர்ற மஞ்சள் பாஸ்பரஸ் அதவிட மோசம், ஈரலையே அழிச்சுரும், அதுக்கும் மாத்து மருந்து கிடையாது, தமிழ்நாட்டுல அரசாங்கமே தடை பண்ணினது. 2024 நவம்பர்ல சென்னை பக்கம் குன்றத்தூர்ல வீட்டுக்குள்ள வெச்ச எலி மருந்தால ரெண்டு சின்ன குழந்தைங்க இறந்து போனாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அந்த குழந்தைங்க மருந்த எடுத்து கூட திங்கல, காத்துல கலந்தது. இத அவருக்கு படிச்சு காட்டு. தவழற பாப்பா இருக்கற வீட்டுக்குள்ள மருந்து வேண்டவே வேண்டாம், அவ்வளவு தான். எப்பவாவது எந்த வீட்டுலயாவது குழந்தை எலி மருந்த தொட்டுருச்சு, வாயில வெச்சுருச்சுன்னு சந்தேகம் வந்தா கூட உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்கறதெல்லாம் பண்ணாதீங்க, மருந்து பாக்கெட்ட கையோட எடுத்துக்கிட்டு நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க. என்ன மருந்துன்னு தெரிஞ்சா தான் டாக்டருக்கு வழி தெரியும், ரத்தம் உறையாம பண்ற வகைன்னா வைட்டமின் கே ஊசி இருக்கு. குழந்தை நல்லா விளையாடிட்டு தானே இருக்குன்னு வீட்டுலயே வெச்சுக்காதீங்க, இந்த மருந்துல சிலது ரெண்டு மூணு நாள் கழிச்சு தான் வேலைய காட்டும்.

பசை அட்டை சேச்சி நல்ல மனசோட சொல்லியிருப்பாங்க. ஆனா அதுல ஒட்டினது சீக்கிரம் சாகாது, தோல பிச்சுக்கிட்டு கத்திக்கிட்டே மூத்திரமா பெய்ஞ்சு வெக்கும், நோய் பரவறதே அந்த மூத்திரத்துல தான். பல்லி, குருவி எல்லாம் ஒட்டும், பாப்பா கையும் ஒட்டும். விலங்கு நல வாரியம் கூட இத நிறுத்தச்சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கு.

கடைசியா சுத்தம் பண்றது. புழுக்கைய பாத்ததும் வெளக்கமாத்த எடுக்காத கண்ணு, தூசியா பறந்து மூக்குக்குள்ள போகும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து அதுமேல நல்லா நனைய ஊத்தி அஞ்சு நிமிசம் விட்டு, கையுறை போட்டு பழைய துணியால வழிச்சு எடுத்து, மறுபடி தொட. எலிப்பனி, அதான் எலிக்காய்ச்சல், உங்க பக்கம் மழைக்கு மழை வர்றது தான், 2018 வெள்ளத்தப்போ ஊர் ஊரா டாக்ஸிசைக்ளின் மாத்திரை குடுத்தாங்களே ஞாபகம் இருக்கும். எலி மூத்திரம் கலந்த தண்ணி, சேறு, கால்ல இருக்கற சின்ன வெட்டு வழியா உள்ள போகும். உங்க வீட்டுக்காரர் செருப்பில்லாம வயல்ல எறங்கறவரா இருந்தா கால் புண்ண மூடி கட்டிட்டு எறங்கச்சொல்லு. காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்பு வந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கி சமாளிக்காம ஆரோக்ய கேந்திரத்துக்கு போய் வீட்டுல எலி இருக்குன்னு சொல்லணும். அந்த டாக்ஸிசைக்ளின டாக்டர கேக்காம நீங்களா போடாதீங்க, பாப்பாவுக்கும் வயித்துப்புள்ளக்காரிக்கும் அது ஆகாது.

கேள்வி: அக்கா, நாங்க குமுளில ஏலக்காய் ஸ்டோர் பக்கத்துல வாடகைக்கு இருக்கோம். காரு பத்து நாள் எடுக்கல, எடுக்க போனா ஸ்டார்ட் ஆகல, பானெட்ட தொறந்தா வயரெல்லாம் கடிச்சு உள்ள இலை சருகு வெச்சு கூடே கட்டியிருக்கு. மெக்கானிக் பாச்சா உருண்டை போடச்சொல்றாரு, புகையில தொங்க விடச்சொல்றாரு. எது வேலை செய்யும்? – ஒரு வாசகர், குமுளி

பதில்: தம்பி, பாச்சா உருண்டையும் புகையிலையும் ரெண்டு நாள் வாசம் இருக்கற வரைக்கும் தான், அப்புறம் எலி அதுக்கு பக்கத்துலயே படுத்துக்கும். குளுருக்கு இன்ஜின் சூடு அதுக்கு சொகம். ஒரே எடத்துல நாள் கணக்கா நிக்கற வண்டி தான் மாட்டும், அதனால ரெண்டு நாளைக்கு ஒருதடவையாவது ஸ்டார்ட் பண்ணி எடத்த மாத்தி விடுங்க. குப்பைத்தொட்டி, விறகு, சாக்கு மூட்டை பக்கம் நிறுத்தாதீங்க, வண்டிக்குள்ள முறுக்கு பிஸ்கட் சிதறி கிடந்தா கூட்டிருங்க. ராத்திரி பானெட்ட தொறந்து வெக்க முடிஞ்சா வெய்யுங்க, வெளிச்சமும் காத்தும் பட்டா கூடு கட்டாது. ஏர் ஃபில்டர் டப்பாவையும் ஏசி காத்து வர்ற வழியையும் கட்டாயம் தொறந்து பாக்கச்சொல்லுங்க, குட்டி அங்க இருந்தா ஏசி போட்டதும் நாத்தம் உள்ள வரும். இன்சூரன்ஸ்ல எலி கடிச்சதுக்கு காசு வருமாங்கறது பாலிசிக்கு பாலிசி மாறும், வயர மாத்தறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுட்டு கேட்டு பாருங்க.

கேள்வி: எங்க வீட்டுல செவுத்தோரமா கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு ஒரு எலி ஓடுது, மூக்கு நீட்டமா இருக்கு, போன எடமெல்லாம் ஒரு நாத்தம். தேங்காய் வெச்சா தொடவே மாட்டேங்குது. என்ன வெச்சா விழும்? – களியக்காவிளை வாசகி

பதில்: அது எலியே இல்லம்மா, மூஞ்சூறு. எலி சாதியே கிடையாது, தானியத்தையும் துணியையும் கடிக்காது, அது திங்கறது கரப்பான், பூச்சி, புழு. கண்ணு சரியா தெரியாது, அதனால தான் செவுத்த புடிச்சுக்கிட்டே ஓடுது. அது உங்க வீட்டுக்கு வந்திருக்குன்னா உள்ள கரப்பான் நிறைய இருக்குன்னு அர்த்தம், சிங்க்குக்கு கீழயும் அலமாரி பின்னாடியும் பாருங்க. கரப்பான ஒழிச்சுட்டு கதவுக்கு அடியில இருக்கற சந்த அடைச்சீங்கன்னா அதுவா போயிரும். பாவம் அத அடிக்காதீங்க, உங்களுக்கு சம்பளம் வாங்காம வேலை பாக்குது.

கேள்வி: வீட்டுல பூனை இருந்தும் எலி வருதே, இது என்ன நியாயம்? பால் குடிச்சுட்டு சோஃபாவுல தூங்குது. – செங்கோட்டை

பதில்: வயிறு நிறைஞ்ச பூனை ஏன் ஓடணும். பூனை வாசத்துக்கு புதுசா வர்ற எலி கொஞ்சம் யோசிக்கும், ஏற்கனவே செவுத்துக்குள்ள குடும்பம் நடத்தறத பூனையால ஒண்ணும் பண்ண முடியாது, அதோட உடம்பு அந்த சந்துல நுழையுமா என்ன. பூனை இருக்கற வீட்டுல எலி மருந்து மட்டும் வெச்சுறாதீங்க, மருந்து தின்ன எலிய புடிச்சு தின்னா பூனையும் போயிரும், வெளிய இருக்கற கூகை ஆந்தையும் போயிரும். அந்த கூகை ஒரு ராத்திரில புடிக்கற எலிய உங்க பூனை ஜென்மத்துக்கும் புடிக்காது.

கேள்வி: தூங்கிட்டு இருந்த என் பையன் விரல சுண்டெலி கடிச்சுருச்சு, லேசா ரத்தம். நாய்க்கடிக்கு போடற மாதிரி ஊசி போடணுமா? – வேலந்தாவளம்

பதில்: முதல்ல ஓடற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிசம் கழுவுங்க, மஞ்சள் சுண்ணாம்புன்னு எதையும் அப்பாதீங்க. பொதுவா வீட்டு எலிக்கடிக்கு நாய்க்கடி ஊசி தேவைப்படாது, ஆனா அத முடிவு பண்ண வேண்டியது டாக்டர், அதனால அன்னைக்கே போய் காட்டுங்க, ரணஜன்னிக்கு போடற டிடி ஊசி பாக்கி இருந்தா போடுவாங்க. எலிக்கடில இருந்து தனியா ஒரு காய்ச்சல் வரும், கடிச்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு கூட, மூட்டு வலி, தோல்ல தடிப்பு வந்தா மறுபடி போகணும், எலி கடிச்சத மறக்காம சொல்லணும். படுக்கறதுக்கு முன்னாடி பையன் கைய வாய நல்லா கழுவி விடுங்க, சோத்து வாசத்துக்கு தான் விரல தேடி வருது.

கேள்வி: கரண்டு பிளக்குல சொருகினா ஒரு சத்தம் வரும், மனுசனுக்கு கேக்காது, எலி ஓடிரும்னு ஆன்லைன்ல ஒரு மிஷின் வாங்கினேன். போட்டு நாலு நாளாச்சு, எலி அதுக்கு முன்னாடியே உக்காந்து பிஸ்கட் தின்னுட்டு இருக்கு. எத்தன நாள்ல வேலை செய்யும்? – மீனாட்சிபுரம்

பதில்: செய்யாது. முதல் ரெண்டு நாள் புது சத்தமேன்னு மிரளும், அப்புறம் பழகிரும். அந்த சத்தம் ஒரு பீரோவையோ செவுத்தையோ தாண்டி போகவும் போகாது. அமெரிக்காவுல வியாபாரத்த கண்காணிக்கற அமைப்பே 2001ல இந்த மாதிரி மிஷின் விக்கற கம்பெனிங்களுக்கு, ஆதாரம் இல்லாம எலி ஓடும்னு விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை கடுதாசி அனுப்பியிருக்கு. அந்த காசுக்கு நாலு எலிப்பெட்டியும் ஒரு கிலோ சிமெண்ட்டும் வந்திருக்கும். திருப்பி அனுப்பற தேதி முடியலேன்னா இன்னைக்கே பெட்டில போட்டு அனுப்பிருங்க, பெட்டிய எலி கடிச்சுட்டா அதுவும் எடுத்துக்க மாட்டாங்க.